ஐந்தரை மணி நேரம் வண்டியில் சுற்றிய ரத்தம்

அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்தவர் கவுன்டர்காரர். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் ரத்த டியூப்களை ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்தில் வாங்கி, எண் போட்டு உள்ளே அனுப்புவது அவர் வேலை. அந்த ரத்தத்தைப் பற்றிக் கம்ப்யூட்டர் போடும் கணக்கை மூன்றாம் மாடியில் உட்கார்ந்து சரிபார்ப்பது அவள் வேலை. ஓர் எண் இடம் மாறியிருந்தாலும், ஒரு தேதி விட்டுப்போயிருந்தாலும் படியிறங்கி வந்து கேட்டுவிடுவாள். "மேல ஒரு சல்லடை உக்காந்திருக்கு, சின்னக் கல்லுகூடத் தப்பாது" என்று அவர் ஒருநாள் சொல்லப்போக, அது ஒட்டிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை. பேச்சுக் குறைவானவர்களுக்குப் பட்டப்பெயர் ஒருவகையில் வசதிதான். தன்னைப் பற்றிச் சொல்லவேண்டியதில் பாதியை அது சொல்லிவிடுகிறது.

வயது முப்பத்திரண்டு. உடம்பில் ஒரே ஒரு சிறுநீரகம். இன்னொன்று மூன்று வருடமாக அவளுடைய அக்காவிடம் இருக்கிறது.

அக்கா பல் செட் செய்கிறவள். மெழுகில் பல்லைச் செதுக்கி, அதன் மேட்டையும் பள்ளத்தையும் ஊசிமுனைக் கத்தியால் ஒழுங்கு செய்து, கடிக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று சரியாக உட்காரும்படி பார்த்துக்கொடுப்பவள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிர் பிழைத்தாள்; கை போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, நடுக்கம் வந்துவிட்டது. அடுத்தவர் உறுப்பை உடம்பு ஏற்காமல் தாக்காதிருக்க, நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கிவைக்கும் மாத்திரையைக் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு போடவேண்டும். அந்த மாத்திரையின் கூலி அந்த நடுக்கம். இப்போது அதே கடையில், செய்து முடித்த பற்களைப் பெட்டியில் அடுக்கி விலாசம் ஒட்டுகிறாள். ஒட்டும் விலாசமும் சற்றுக் கோணலாகவே உட்காரும்.

சல்லடையின் ஆய்வுக்கூடம் தேடிக்கொண்டிருந்தது இதற்கான விடையைத்தான். சிலருடைய உடம்பு, காலப்போக்கில், வந்த உறுப்பைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. அவர்களுக்கு இவ்வளவு மாத்திரை தேவையில்லை. ஆனால் யாருடைய உடம்பு அப்படி என்று வெளியிலிருந்து தெரியாது. எனவே ரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புச் செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளி வழியே ஓடவிடும் ஓர் இயந்திரம் வைத்திருந்தார்கள். ஒரு செல்லுக்கு முப்பது அடையாளங்கள், ஓர் ஆளுக்கு லட்சக்கணக்கான செல்கள். மனிதக் கண்ணுக்கு அது வெறும் மணல். கம்ப்யூட்டர் அதையெல்லாம் சுருக்கி, பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஒரே ஓர் எண்ணாகத் தரும். ஆய்வுக்கூடத்தில் அதன் செல்லப்பெயர் கோப எண். அறுபதுக்கு மேல் போனால் செல்கள் சண்டைக்குத் தயாராக நிற்கின்றன. முப்பதுக்குக் கீழே இருந்தால் சமாதானம்.

அக்காவும் இந்த ஆய்வில் சேர்ந்தபோது சல்லடை தலைமை டாக்டரம்மாவிடம் போய் மறைக்காமல் சொன்னாள். டாக்டரம்மா ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "இங்க எல்லாரும் வெறும் எண்தான். எந்த எண் உன் அக்கான்னு நீ தேடக் கூடாது. அவ்வளவுதான்." அவள் தேடவில்லை. தேட வேண்டும் என்று கை துறுதுறுத்த நாட்களில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

முதலில் அறுபது பேரின் ரத்தத்தை வைத்துக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னார் மாத்திரை இல்லாமலே நலமாக இருக்கிறார், இன்னாருக்கு உறுப்பை உடம்பு தாக்கியது என்று தெரிந்த அறுபது பேர். எட்டு மாதம் ஆனது. பிறகு புதிய ஆட்களின் ரத்தத்தைக் கொடுத்து எண் கேட்டார்கள். பதினொரு பேர் முப்பதுக்குக் கீழே வந்தார்கள். வருகிற திங்கட்கிழமை அந்தப் பதினொரு பேருக்கும் மாத்திரையைப் பாதியாகக் குறைப்பது என்று முடிவாகியிருந்தது.

வியாழக்கிழமை மாலை, மாடி வீட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள். ஒரே வீட்டில் அக்காவும் மாமாவும் மேலே, இவள் கீழே.

"ஏய், மேல வா. சீக்கிரம்."

போனபோது அக்கா நாற்காலியில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு. திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. இனிமே பாதிதானாம். நாலு இல்ல, ரெண்டு."

மாமா டீயை ஊற்றிக்கொண்டே சொன்னார், "அப்பாடா. இனிமே டம்ளர்ல இருக்கிறது டம்ளர்லயே இருக்கும். மூணு வருஷமா தரைதான் டீ குடிச்சிட்டிருக்கு."

"நீங்க வாயை மூடுங்க" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே. பிறகு தங்கையைப் பார்த்து, "எல்லாம் நீ போட்ட கணக்குதானே?" என்றாள்.

"நான் மட்டும் இல்லக்கா. நிறையப் பேரு."

"சொல்றதைச் சொல்லட்டும்னு தலையை ஆட்டேன், என்ன குறைஞ்சுபோயிடும்?"

சல்லடை தலையை ஆட்டினாள். கீழே இறங்கி வரும்போது மனம் லேசாக இருந்தது. தன் வேலை ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஒரு நாற்காலி ஓரமாக நின்றதை முதல்முறையாகக் கண்ணால் பார்த்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கவுன்டர்காரர் போன் செய்தார். "சல்லடை, இன்னொரு ஆளுக்கு ரெண்டு தடவ ரத்தம் வந்திருக்கு. காலைல ஆத்துக்கு அந்தப்பக்க ஆஸ்பத்திரில எடுத்திருக்காங்க, வண்டில வருது. அந்த மனுஷனே ஸ்கேனுக்கு இங்க வந்திருக்கான், இங்கேயும் ஒரு நர்ஸம்மா எடுத்து அனுப்பிட்டாங்க. எதை வச்சுக்க?"

"முதல்ல எடுத்ததை வச்சுக்குங்க. இன்னொண்ணை ஒதுக்கிடுங்க."

அது அவளே எழுதிய விதி. ஒருவருக்கு ஒரே நாளில் இரண்டு டியூப் வந்தால் முதலில் எடுத்தது செல்லும். இயந்திரத்தில் ஓட்டியிருந்தாலும் மற்றது 'ஒதுக்கியவை' என்ற தனிக் கோப்புக்குப் போகும். ஒரே ஆள் கணக்கில் இரண்டு தடவை வரக் கூடாது என்பதற்காக. எட்டு மாதத்தில் ஐந்து முறை இப்படி ஒதுக்கியிருக்கிறாள். போனை வைத்த பிறகு, குப்பையைக் கொட்டுமுன் ஒருமுறை கிளறிப் பார்க்கும் பழக்கத்தில், அந்தக் கோப்பைத் திறந்து ஐந்துக்கும் கோப எண் கேட்டாள்.

வைத்துக்கொண்டது இருபத்திரண்டு, ஒதுக்கியது அறுபத்தொன்பது. ஒரே ஆள், ஒரே நாள்.

டியூப் மாறிப்போயிருக்கும் என்று நினைத்து அடுத்ததைப் பார்த்தாள். பத்தொன்பது, எழுபத்திநாலு. மூன்றாவதும் அப்படியே, நான்காவதும் அப்படியே. ஐந்தாவதைப் பார்க்கும்முன் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு பார்த்தாள். இருபத்தாறு, அறுபத்திமூன்று.

ஐந்து முறையும் டியூப் மாறாது. அதிலும் ஐந்து முறையும் ஒரே பக்கமாக மாறாது.

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு டியூப்புக்கும் தேதி இருந்தது, நேரம் இல்லை. படிவத்தில் நேரத்துக்குக் கட்டமே கிடையாது. அவள் படியிறங்கினாள்.

"உங்க நோட்டுல டியூப் வந்த நேரம் எழுதுவீங்களா?"

கவுன்டர்காரர் முறைத்தார். "எழுதாம? பதினேழு வருஷமா எழுதறேன். ஆஸ்பத்திரில எடுத்த நேரமும் எழுதுவேன், இங்க வந்த நேரமும் எழுதுவேன். நாளைக்கு ஒருத்தன் வந்து லேட்டாச்சுன்னு என் தலைல கட்டினா? அதெல்லாம் நீங்க எங்க கேக்கறீங்க. மேல இருக்கிறவங்களுக்குக் கம்ப்யூட்டர்ல இருந்தாத்தான் அது இருக்கு."

அவர் மேசையிலேயே உட்கார்ந்து, எண் எண்ணாகத் தேடி, ஒவ்வொரு டியூப்பும் எத்தனை மணி நேரம் காத்திருந்தது என்று குறித்தாள். மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. இரண்டரை மணிக்கு மேலே வந்து, காத்திருந்த நேரத்தைக் கீழேயும் கோப எண்ணைப் பக்கத்திலும் வைத்துப் புள்ளிகளைத் திரையில் போட்டாள்.

புள்ளிகள் இடமிருந்து வலமாகப் படிக்கட்டுபோல் இறங்கின. அரை மணிக்குள் இயந்திரத்துக்குப் போன ரத்தம் எல்லாம் அறுபதுக்கு மேலே. ஐந்து மணி நேரம் காத்திருந்தது எல்லாம் முப்பதுக்குக் கீழே. இடையில் இருந்தவை இடையில்.

எந்தப் புள்ளி எந்த ஆஸ்பத்திரி என்று பார்த்தாள்.

விஷயம் இவ்வளவுதான். மாத்திரை இல்லாமல் நலமாக இருப்பவர்களைப் பல வருடமாகப் பார்த்துவருவது ஆற்றுக்கு அந்தப்பக்க ஆஸ்பத்திரி. அங்கே எடுக்கும் ரத்தம்தான் வண்டியின் முதல் நிறுத்தம். இன்னும் நாலு இடம் சுற்றி, மத்தியானம் ஒரு மணிக்கு வந்து சேரும். உடம்பு உறுப்பைத் தாக்கிப் படுத்தவர்களோ பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில். அங்கே எடுத்த ரத்தத்தை ஒரு சிப்பந்தி பத்து நிமிடத்தில் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். டியூப்புக்குள் கிடக்கக் கிடக்க செல்கள் சோர்ந்துபோகின்றன. சோர்வையும் சமாதானத்தையும் கம்ப்யூட்டருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எட்டு மாதமாக அது மனித உடம்பைப் படிக்கவில்லை. வண்டி வரும் நேரத்தைப் படித்திருக்கிறது.

பதினொரு பேரில் ஒன்பது பேரின் ரத்தம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் எடுத்தது. அக்கா போவதும் அங்கேதான். அக்காவின் எண் எது என்று அவள் இப்போதும் தேடவில்லை. தேடத் தேவையும் இல்லை. திங்கட்கிழமை மாத்திரையைப் பாதியாக்கினால், உண்மையில் சண்டைக்கு நிற்கும் செல்கள் விழித்துக்கொண்டு அந்தச் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். பாடமாகப் படித்தது அல்ல. அந்த அறுபதில் பாதிப் பேரின் கதை அதுதான்.

டாக்டரம்மா வெளியூர்க் கூட்டத்தில் இருந்தார். இவள் அந்தப் புள்ளிப் படத்தை அனுப்பி இருபது நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது.

"உன் அக்கா அந்தப் பதினொண்ணுல இருக்காளா?"

"இருக்கா மேடம். நான் தேடல. அவளே வந்து சொன்னா."

"நான் இதை யார்கிட்ட கொண்டு போனாலும் முதல் கேள்வி இதுதான் வரும். அக்காவை நெனச்சுப் பயந்து தங்கச்சி கணக்கைக் கலைக்கிறாள்னு சொல்லுவாங்க. ரெண்டு ஆஸ்பத்திரி, ஒரு கமிட்டி, எல்லாம் கையெழுத்துப் போட்டாச்சு. கவுன்டர் நோட்டை மட்டும் காட்டி என்னால நிறுத்த முடியாது."

"மேடம், அஞ்சு ஜோடி இருக்கு."

"நீயே ஒதுக்கின அஞ்சு ஜோடி." குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது. "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்ல இருப்பேன். அதுக்குள்ள கைல எடுத்துக் காட்டற மாதிரி ஒண்ணு குடு. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆய்வுக்கூடத்தில் மூன்று பேர்தான். சல்லடை, லேசர் இயந்திரத்தை ஓட்டும் அவள் தோழி, வண்டிக்காரர். தோழி ரத்தம் எடுப்பதிலும் கைதேர்ந்தவள். நரம்பு கிடைக்கும்வரை வாய் ஓயாது.

"விடுமுறை நாள்ல கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொல்ற ஒரே ஃப்ரெண்டு நீதான்டி. எத்தனை டியூப்?"

"மூணு." சல்லடை தன் கையை நீட்டினாள். "ஒண்ணை இப்பவே மெஷின்ல போடு. ஒண்ணு மேசை மேல சும்மா கிடக்கட்டும். ஒண்ணு வண்டில போகணும்."

"மேசை மேல எதுக்கு?"

"வண்டி குலுங்கினதாலன்னு யாராவது சொன்னா? குலுங்காம கிடந்ததும் வேணும்."

வண்டிக்காரர் டியூப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்போதும் வாங்கிக்கொண்டு வருபவரிடம் இங்கிருந்தே ஒன்றைக் கொடுத்தால் சந்தேகம் வராதா? "வழில எங்கயாவது நிக்கறேன்னு என்னைப் பத்தி யாராவது போட்டுக் குடுத்தாங்களாம்மா?"

"இல்லண்ணா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எப்பவும் போற வழில போங்க, எப்பவும் வைக்கிற இடத்துல வைங்க. சீக்கிரம் வரணும்னும் வேணாம்."

"பெட்டில ஐஸ் இல்ல, பாத்துக்குங்க. ஐஸ் வைக்கக் கூடாதுன்னு உங்க ஆளுங்கதான் எழுதி ஒட்டியிருக்காங்க."

"தெரியும்ணா. அப்படியே இருக்கட்டும்."

"சரி, உங்க ரத்தத்துக்கு ஊரைச் சுத்திக் காட்டிட்டு வர்றேன்" என்று கதவைச் சாத்தினார். மணி ஏழரை.

முதல் டியூப்பின் எண் ஒன்பதே காலுக்கு வந்தது. எழுபத்தொன்று.

"எழுபத்தொண்ணா?" தோழி திரையைக் குனிந்து பார்த்தாள். "வாயத் திறக்காத ஆளுக்கு உள்ள இவ்வளவா? இனிமே உன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்டி."

சல்லடை சிரிக்கவில்லை. எழுபத்தொன்று அவளுக்குப் போதாது. மற்ற இரண்டும் எழுபதிலேயே நின்றால்? அப்போது நேரம் காரணமல்ல. ஐந்து ஜோடிக்கும் வேறு ஏதோ காரணம், தான் அக்காவைப் பற்றிய பயத்தில் இல்லாத படிக்கட்டைப் பார்த்தவள். அப்படி இருந்துவிட்டால் நல்லது என்றும் தோன்றியது. அக்காவின் கை நடுக்கம் நின்றுவிடும். தன் மானம் போகும், போகட்டும். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் ஜன்னல் ஓரமாக நின்றாள். எதிர்க் கட்டட வாசலில் ஒரு சிப்பந்தி டியூப் தட்டோடு நடந்து வருவது தெரிந்தது. அவன் நடையை எண்ணினாள். நூற்றுப் பதினாலு அடி. எட்டு மாத வேலையின் மறுமுனை அந்த நூற்றுப் பதினாலு அடி.

ஒரு மணிக்கு வண்டி வரவேண்டும். வரவில்லை. ஒன்று பத்து. ஒன்று இருபது. தோழி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய்கூட வைக்காமல் மூடினாள்.

"போன் பண்ணு."

"வேணாம். போன் பண்ணினா வேகமா வருவாரு. எப்பவும் வர்ற மாதிரி வரட்டும்."

"நீ மனுஷிதானா?"

ஒன்று ஐந்துக்கே வண்டி வாசல் கேட்டில் வந்து நின்று, முன்னால் நின்ற லாரி நகராததால் உள்ளே நுழைய ஒன்று இருபத்தைந்து ஆகியிருந்தது. வண்டிக்காரர் டியூப்பை நீட்டினார். "எல்லா இடமும் பாத்தாச்சு. ஒண்ணும் பிடிக்கலயாம், திரும்பி வந்துடுச்சு."

மேசை மேல் கிடந்ததையும் வண்டியில் வந்ததையும் அடுத்தடுத்து இயந்திரத்தில் ஏற்றினார்கள். எண்ணிக்கை முடிந்து, கணக்கு ஓடி, மூன்றே காலுக்குத் திரையில் இரண்டு எண்கள் வந்தன.

வண்டி, இருபத்தி நாலு. மேசை, இருபத்தாறு.

தோழி மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி நீட்டினாள். சல்லடை நாற்காலியில் உட்கார்ந்து, ஊசி குத்திய இடத்துப் பஞ்சை எடுத்துப் பார்த்து, மறுபடி அங்கேயே வைத்து அழுத்திக்கொண்டாள். காலையில் கோபமாக இருந்த அதே ரத்தம் மத்தியானம் சமாதானமாகிவிட்டது. எந்த உடம்பிலும் எதுவும் நடக்காமலே.

டாக்டரம்மா ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால், பெட்டியோடு நேரே ரயில் நிலையத்திலிருந்து வந்தார். மூன்று எண்களையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டார்.

"அஞ்சு தடவை நம்ம வாசல் தேடி வந்து சொல்லியிருக்கு" என்றார். "நாம ஒதுக்கிவச்சிட்டோம்."

"நான் ஒதுக்கினேன் மேடம்."

"விதியை எழுதினது நீ. படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நான். அதைப் பங்கு போட்டுக்க இப்ப நேரமில்ல." போனை எடுத்தார். இரண்டு ஆஸ்பத்திரி டாக்டர்களிடமும், கமிட்டித் தலைவரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். ஒரே ஆளின் ரத்தம், மூன்று டியூப், இந்த எண்கள். அந்த ஆள் யார் என்று கேட்டபோது, "எங்க லேப்ல வேலை செய்றவ. அவளோட அக்கா பதினொண்ணுல ஒருத்தி. அதையும் எழுதியே அனுப்பறேன், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். ஏழு மணிக்குள் முடிந்தது. பதினொரு பேருக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன் போகும். யாருக்கும் எதுவும் குறையாது.

கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னார், "அக்காகிட்ட நீ சொல்லாத. அவங்க டாக்டர்தான் சொல்லணும்."

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் போனபோது மாடி விளக்கு எரிந்தது. மாமா படியிலேயே உட்கார்ந்திருந்தார். "போன் வந்துடுச்சு" என்றார் மெதுவாக. "மேல போ. என்கிட்ட ஒண்ணும் பேசல. உன்கிட்டயாவது திட்டட்டும்."

அக்கா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே வாரத்து மாத்திரைப் பெட்டி. நாளுக்கு இரண்டு மூடி, காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று.

"இதைக் கண்டுபிடிக்க அங்க உன்னை விட்டா வேற யாரு இருக்கா" என்றாள் அக்கா. "நீ போட்ட கணக்கை நீயே அழிச்சியா?"

"ஆமாக்கா."

"என் உடம்பு உண்மையாவே சமாதானமா இருந்தா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம். இதைச் சொல்றதுக்குப் படிச்சியா?"

சல்லடையின் பார்வை பெட்டியில் நின்றுவிட்டது. சனிக்கிழமை காலைக் குழியில் ஒரு மாத்திரை கிடந்தது. காலையில் இரண்டும் போயிருக்க வேண்டும். கையை நீட்டி வெள்ளிக்கிழமை மூடிகளைத் திறந்தாள். இரண்டு குழியிலும் ஒவ்வொன்று. வியாழன் மாலைக் குழியிலும் ஒன்று.

"அக்கா, இது என்ன?"

"வியாழக்கிழமை போன் வந்ததுமே ஆரம்பிச்சிட்டேன்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "எப்படியும் திங்கக்கிழமைலேருந்து பாதி. மூணு நாள் முன்னாடி ஆரம்பிச்சா என்ன ஆயிடப்போகுதுன்னு நினைச்சேன்." பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியைத் திறந்து தங்கை பக்கம் தள்ளினாள். உள்ளே மெழுகில் ஒரு கடைவாய்ப் பல். "இன்னிக்கு மத்தியானம் கை கொஞ்சம் அடங்கியிருந்துச்சு. செதுக்கினேன். பாரு."

சல்லடை அதை விளக்கருகே கொண்டுபோனாள். நாலு மேடும் சரியாக நின்றன. நடுப் பள்ளத்தின் கோடு எங்கும் உடையாமல் ஒரே வீச்சில் ஓடியிருந்தது. மூன்று வருடத்தில் அக்கா செய்த முதல் பல். அதை இறக்கி வைக்க மனம் வரவில்லை.

"நல்லா இருக்குக்கா."

"நல்லா இருக்குல்ல? எனக்கும் தெரியும்." அக்காவின் கண் கலங்கியது, குரல் கசந்தது. "உன்னோடது வீணாப் போயிடும்னுதானே பயப்படறே?"

படியில் மாமா எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. சல்லடை பல்லை அதன் பெட்டியில் வைத்து மூடினாள்.

"அது போனா குடுக்கறதுக்கு என்கிட்ட இன்னொண்ணு இல்லக்கா."

அக்கா சனிக்கிழமை மாலை மூடியைத் திறந்தாள். இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். கை ஆடியதில் அவை ஒன்றோடொன்று மோதி மெல்லச் சத்தமிட்டன. தங்கை தண்ணீரை நீட்டினாள். மாமா வாசலிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாலு வேளை குறைந்ததைச் சொன்னார். விட்டதைச் சேர்த்துப் போடக் கூடாது, வழக்கம்போல் போட்டுவரட்டும், திங்கட்கிழமை காலை ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள்.

திங்கட்கிழமை அக்காவுக்கு வந்த எண் கொஞ்சம் ஏறியிருந்தது. சிறுநீரகம் சுத்தம் செய்யாமல் விட்ட கழிவின் அளவு அது. எப்போதும் ஒன்று புள்ளி ஒன்றில் நிற்பது, ஒன்று புள்ளி நாலு. வியாழக்கிழமை திரும்பப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த மூன்று நாளும் சல்லடை ஆய்வுக்கூடத்தில் புதிய படிவம் தயாரித்தாள். அதில் நேரத்துக்கு இரண்டு கட்டம் இருந்தன. கவுன்டர்காரர் படித்துப் பார்த்துவிட்டு, "பதினேழு வருஷம் கழிச்சு என் நோட்டு மாடியேறுது" என்றார். அறுபது பேரின் ரத்தத்தையும் மறுபடி எடுக்க வேண்டும், எல்லா டியூப்பும் ஒரே அளவு நேரம் காத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு வருடம் ஆகலாம். வேலை செய்யும்போது போனைத் திரை மேலே பார்த்தபடி வைத்திருந்தாள்.

வியாழன் மத்தியானம் மாமாவிடமிருந்து போன் வரவில்லை. அக்காவே கூப்பிட்டாள்.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு."

சல்லடை மேசையைப் பிடித்துக்கொண்டாள். "சரிக்கா."

"சரியா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்ல?"

அக்கா விடவில்லை. ஐந்து நாளாக இருவருக்கும் நடுவே சாப்பிட்டியா, கதவைப் பூட்டினியா என்பதைத் தவிரப் பேச்சில்லை. "உன் ரத்தத்தை வச்சுத்தான் பாத்தீங்களாமே. டாக்டர் சொன்னாரு. காலைல எவ்வளவு வந்துச்சு?"

"எழுபத்தொண்ணு. ஆனா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்லக்கா, அதைத்தான் நாங்க..."

"உங்களுக்கு இல்லாம இருக்கும்" என்றாள் அக்கா. "சின்ன வயசுலேருந்து ஒரே ரூம்ல படுத்திருந்தவகிட்ட கேட்டிருந்தா மெஷின் இல்லாமலே சொல்லியிருப்பேன்."

பின்னணியில் கடைச் சத்தம் கேட்டது. பெட்டி மேல் காகிதத்தை யாரோ தேய்த்து ஒட்டும் சத்தம்.

"விலாசம் ஒட்டறியா?"

"ஆமா. கோணலாத்தான் போகுது. போய்ச் சேந்தா சரி."